ஈசிபியோட "வட்டி தவிர மத்த முடிவுகள்" அறிக்கை: படிச்சுப் பாத்து ஒரு ரிவ்யூ

வட்டி அறிவிக்கற அன்னிக்கு ஐரோப்பிய மத்திய வங்கி, அதான் ஈசிபி, எல்லா சேனல்லயும் வந்துடும். ஈசிபி தலைவர் லகார்ட் என்ன சொன்னாங்க, கால் சதவீதம் குறைச்சாங்களா, அப்படியே விட்டாங்களான்னு ரெண்டு நாளைக்கு அதே பேச்சு. வட்டியை முடிவு பண்ற அதே கவர்னிங் கவுன்சில், அதாவது ஈசிபியோட உச்ச முடிவெடுக்கற குழு, மத்த நாள்ல உக்காந்து எடுக்கற முடிவுகளை யாரும் கண்டுக்கறதில்ல. எந்த நாட்டு மத்திய வங்கிக்கு யாரு ஆடிட்டர், அடுத்த வருஷம் எவ்வளவு சில்லறைக் காசு அடிக்கலாம், எந்த அரசாங்கத்தோட சட்ட வரைவுக்கு என்ன பதில் எழுதறது, இப்படி நிர்வாக வேலை எல்லாத்தையும் சேத்து கிட்டத்தட்ட மாசத்துக்கு ஒருதரம் வெப்சைட்ல ஒரு அறிக்கையா போடறாங்க. தலைப்புலயே வட்டி முடிவு இதுல கிடையாதுன்னு சொல்லிடுவாங்க, அதைப் பாத்ததும் பாதிப்பேர் திரும்பிப் போயிடுவாங்கன்னு நினைக்கறேன். நான் பேமெண்ட்ஸ் சாஃப்ட்வேர் வேலைல இருக்கறதால இதைத் தொடர்ந்து படிக்கறேன். ஒரு பொதுச் சேவைன்னு வச்சுப் பாத்தா இது நல்லா இருக்கா, யாருக்கு உபயோகம், எங்க சொதப்புதுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

கவுன்சில்ல யார் யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். ஈசிபியோட அன்றாட வேலையைப் பாக்கற எக்ஸிக்யூட்டிவ் போர்டுல 6 பேர், யூரோ பயன்படுத்தற நாடுகளோட மத்திய வங்கி கவர்னர்கள் 21 பேர், 2026 ஜனவரி 1 அன்னிக்கு பல்கேரியா யூரோவுக்கு மாறினதும் அவங்க கவர்னரும் இந்த 21ல சேந்துட்டார். ஆக மொத்தம் 27 பேர், ஆனா ஓட்டு 21 தான், கவர்னர்கள் முறை வச்சு மாத்தி மாத்தி ஓட்டுப் போடுவாங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல பழைய காய்கறி மொத்த மார்க்கெட் இருந்த இடத்துல கட்டின பெரிய பில்டிங்ல, 41வது மாடில கூடுவாங்க. வட்டிக்கான கூட்டம் 2015லேர்ந்து ஆறு வாரத்துக்கு ஒருதடவை, நடுவுல மத்த விஷயங்களுக்குத் தனியா கூட்டம், கூட்டமே இல்லாம எழுத்து மூலமா சுத்துக்கு விட்டு முடிவெடுக்கறதும் உண்டு. அப்படி எடுத்ததும் இந்த அறிக்கைல வந்துடும், எனக்கு இதுல மொதல்ல புடிச்ச விஷயமே அதான்.

அறிக்கையோட வடிவம் ரொம்ப எளிமை. சந்தை செயல்பாடு, பேமெண்ட் கட்டமைப்பு, சட்ட ஆலோசனை, நிதி நிலைத்தன்மை, வங்கி மேற்பார்வை, ரூபாய் நோட்டுன்னு நாம சொல்ற மாதிரி யூரோ நோட்டு, புள்ளிவிவரம், நிர்வாகம்னு தலைப்புகள், அந்த மாசம் எதுல முடிவு இருக்கோ அது மட்டும் இருக்கும். ஒவ்வொண்ணுக்கு கீழயும் இந்தத் தேதில கவுன்சில் இதை ஏத்துக்கிச்சு, இதுக்கு ஒப்புதல் குடுத்துச்சுன்னு சின்னச் சின்னப் பத்தி. தேதி இருக்கு, சட்ட எண் இருக்கு, அசல் ஆவணத்துக்கு லிங்க் இருக்கு. அலங்காரப் பேச்சு இல்ல, நாங்க சாதிச்சோம்ங்கற வசனம் இல்ல. அரசாங்கத் தளங்கள்ல ஒரு பிடிஎஃப்ஐத் தேடி அலைஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும். ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் கூட போடறாங்க.

இதுல தவற விடவே கூடாத பகுதின்னா அது சட்ட ஆலோசனை தான். ஐரோப்பிய யூனியன் நாடு எதுவா இருந்தாலும் பணம், வங்கி, பேமெண்ட் சம்பந்தமா சட்டம் கொண்டு வரணும்னா ஈசிபிகிட்ட கருத்து கேக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. ஈசிபி சொல்றதை அந்த நாடு கேட்டே ஆகணும்னு இல்ல, ஆனா கருத்து பொதுவெளில வந்துடும், ஒவ்வொண்ணுக்கும் சிஓஎன்னு ஆரம்பிச்சு வருஷமும் எண்ணும் போட்டிருக்கும், கிளிக் பண்ணா யூர்-லெக்ஸ்ங்கற ஐரோப்பிய யூனியன் சட்டத் தளத்துல முழுசா படிக்கலாம்.

ஒரு உதாரணம் சொன்னா தான் இதோட மதிப்பு தெரியும். ஸ்பெயின்ல வியாபாரத்துல ரொக்கமா குடுக்கற உச்சவரம்பை 2,500 யூரோவுலேர்ந்து 1,000 யூரோவா குறைக்கறதா ஒரு வரைவு, வரி ஏய்ப்பைத் தடுக்கத்தான். 2019 தொடக்கத்துல ஈசிபி அதுக்குக் கருத்து எழுதுச்சு. வரி ஏய்ப்பைத் தடுக்கறது நியாயமான நோக்கம்தான், ஆனா இவ்வளவு குறைக்கறது அந்த நோக்கத்துக்குப் பொருத்தமான அளவுல இருக்கான்னு நீங்க காட்டணும், ரொக்கம்ங்கறது சட்டப்படி செல்லுற பணம், பேங்க் வசதி சரியா இல்லாதவங்களுக்கு அது முக்கியம், மின்னணுக் கட்டமைப்பு வேலை செய்யலன்னாலும் அது கையில இருக்கும்னு அதுல வாதம். ஸ்பெயின் அதைத் தாண்டி 2021ல சட்டத்தைக் கொண்டு வந்துடுச்சு, அது அவங்க உரிமை. 2025 ஏப்ரல் 28 அன்னிக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் முழுக்க கரண்ட் போய், கடைல கார்டு மெஷின் ஓடாம, கையில ரொக்கம் இருந்தவங்க மட்டும் தண்ணியும் ரொட்டியும் வாங்கினப்போ எனக்கு அந்தக் கருத்துதான் ஞாபகம் வந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு அறிக்கைல ஒரு பத்தியா இருந்த விஷயம் அது.

இத்தாலி கதையும் இதே ரகம். 2023 ஆகஸ்ட்ல பேங்குகளோட கூடுதல் வட்டி வருமானத்துக்கு 40 சதவீத வரின்னு அவசரச் சட்டம் போட்டாங்க, ஒரே நாள்ல பேங்க் பங்குகள் எல்லாம் சரிஞ்சுது. செப்டம்பர்ல ஈசிபி கருத்து வந்துச்சு: நாளைக்கு பொருளாதாரம் மந்தமானா நஷ்டத்தைத் தாங்கற சக்தி பேங்குகளுக்குக் குறையும், இதை நல்லா ஆராய்ஞ்சு பாத்தீங்களான்னு. அப்புறம் சட்டத்துல மாத்தம் வந்துச்சு, வரியைக் கட்டலாம், இல்லன்னா அதுல ரெண்டரை மடங்கை மூலதன இருப்பா ஒதுக்கி வைக்கலாம்னு. பெரிய பேங்குகள் ஒதுக்கி வைக்கறதையே எடுத்துக்கிச்சு. அந்த மாத்தத்துக்கு ஈசிபி மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல, சந்தையும் உலுக்குச்சு. ஆனா ஒரு அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேருக்கு நேரா, மரியாதையா, காரணத்தோட மறுப்புச் சொல்றதைப் படிக்கணும்னா இங்க தான் படிக்க முடியும். எனக்கு இது பெரிய விஷயமா படுது.

பேமெண்ட் பகுதி என் வேலைக்கு நேரடியா வேணும். பேங்குகளுக்கு நடுவுல பெரிய தொகையை செட்டில் பண்ற டார்கெட்2ங்கற பழைய சிஸ்டத்துக்குப் பதிலா டி2ன்னு புதுசு 2022 நவம்பர் 21 அன்னிக்கு வர வேண்டியது, பேங்குகள் டெஸ்டிங் முடிக்க இன்னும் டைம் வேணும்னு 2022 அக்டோபர்ல கவுன்சில் அதை 2023 மார்ச் 20க்குத் தள்ளி வச்சுது. வெளில பாத்தா வெறும் தேதி மாத்தம். ஐரோப்பா முழுக்க எத்தனை பேங்க்ல எத்தனை டீம் அந்த வீக்எண்டுக்கு லீவ் போடாம ஆள் ஏற்பாடு பண்ணி வச்சிருப்பாங்கன்னு யோசிங்க. அதே மாதிரி அந்த சிஸ்டம் மூடற நாள் எதெதுங்கறதும் கவுன்சில் முடிவு தான், ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. 2002லேர்ந்து நிரந்தரக் காலண்டரா இருக்கு. மே 1 அன்னிக்கு சாதாரண யூரோ டிரான்ஸ்ஃபர் ஏன் போய்ச் சேரலன்னு கேக்கறவங்களுக்கு பதில் அங்க இருக்கு.

ஆடிட்டர் நியமனம், காசு அளவு இதெல்லாம் சீக்கிரம் படிச்சுட்டுப் போயிடலாம். ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கிக்கும் வெளி ஆடிட்டரை ஈசிபி பரிந்துரைக்கணும், ஐரோப்பிய யூனியனோட அமைச்சர்கள் கவுன்சில் ஒப்புதல் குடுக்கணும், அதனால வருஷத்துல பலமுறை அது வரும். காசை அடிக்கறது அந்தந்த நாடு, எவ்வளவு அடிக்கலாம்ங்கறதுக்கு மட்டும் ஈசிபி ஒப்புதல் வேணும், வருஷாவருஷம் அந்த முடிவு வரும். சலிப்பா இருக்கும், ஆனா இருக்கணும்.

இப்ப குறைக்கு வர்றேன். யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு இதுல கிடையவே கிடையாது. கூட்ட நடவடிக்கை ரகசியம், முடிவை வெளியிடறதா வேண்டாமான்னு கவுன்சிலே தீர்மானிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, அது தெரியும். வட்டிக் கூட்டத்துக்காவது நாலு வாரம் கழிச்சு விவாதச் சுருக்கம் வருது, பேர் இல்லாம. இந்த நிர்வாக முடிவுகளுக்கு அதுகூட இல்ல. ஏன் இந்த முடிவு, வேற என்ன வழி பாத்தாங்கன்னு ஒரு வரி போட்டா யாருக்கு நஷ்டம்? "நிர்வாக" முடிவு எல்லாமே சின்னதுன்னும் சொல்ல முடியாது. 2015 பிப்ரவரி 4 ராத்திரி, வட்டிக் கூட்டமும் இல்லாத நாள்ல, பேங்குகளுக்குக் கடன் குடுக்கறப்போ கிரேக்க அரசு பாண்டுகளை அடமானமா எடுக்கறதுக்கு இருந்த சலுகையை கவுன்சில் நிறுத்துச்சு, ஒரு சின்ன ப்ரெஸ் ரிலீஸ் தான், அடுத்த வாரத்துலேர்ந்து கிரேக்க பேங்குகள் அதிக வட்டி கட்டி அவசர உதவிக் கடன்ல ஓட வேண்டியதா போச்சு. அடமான விதின்னு டெக்னிக்கலா தெரியற ஒண்ணு ஒரு நாட்டோட கழுத்தைப் புடிக்கற அளவுக்குப் போகும், அதனால காரணம் கேக்கறது ஜனங்களோட உரிமைன்னு நான் உறுதியா நம்பறேன்.

மேற்பார்வைப் பகுதி இன்னும் மெலிசு. பெரிய பேங்குகளைக் கண்காணிக்கற ஈசிபியோட மேற்பார்வை போர்டு முடிவோட வரைவை அனுப்பும், அதிகபட்சம் பத்து வேலை நாளுக்குள்ள கவுன்சில் ஆட்சேபிக்கலன்னா முடிவு நிறைவேறினதா அர்த்தம். நூத்துக்கும் மேல பெரிய பேங்குகளைக் கவனிக்கணும்னா இந்த வழி தேவைதான், ஆனா தனித்தனி பேங்க் பத்தின முடிவுகள் ரகசியம்ங்கறதால இங்க பொதுவான கொள்கை முடிவு மட்டும் தெரியும். மொத்தம் எத்தனை முடிவு அந்த வழியா போச்சுன்னு மாசா மாசம் ஒரு எண்ணாவது இதே அறிக்கைல போடலாம். தாமதமும் ஒரு குறை, மாச ஆரம்பத்துல எடுத்த முடிவு சில சமயம் மாசக் கடைசில தான் பட்டியல்ல கண்ணுல படும்.

மத்தவங்களோட ஒப்பிட்டா? அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் போர்டு தன் நடவடிக்கைகளையும் வந்த விண்ணப்பங்களையும் வாராவாரம் பட்டியலா போடுது, வேகத்துல அவங்க மேல. இலங்கைல 2023 சட்டப்படி நிர்வாகத்துக்கு ஆளும் சபை, வட்டிக்கு நாணயக் கொள்கைச் சபைன்னு ரெண்டையும் பிரிச்சுட்டாங்க, ப்ரெஸ் ரிலீஸ் தமிழ்லயும் வருது, அது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நம்ம ஆர்பிஐயோட சென்ட்ரல் போர்டு வருஷத்துக்கு ஆறு தடவையாவது கூடணும், கூடுது, ஆனா வர்றது பெரும்பாலும் ஒரு சின்ன ப்ரெஸ் ரிலீஸ்: எந்த ஊர்ல கூட்டம், யார் தலைமை, யார் யார் வந்தாங்க, பொருளாதார நிலவரத்தை ஆராய்ஞ்சாங்க. 2025 மே மாசம் மத்திய அரசுக்கு 2,68,590 கோடி ரூபாய் உபரி குடுக்க ஒப்புதல்னு ஒரு பெரிய எண் வந்துச்சு, அந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு. 2016 நவம்பர் 8 சாயங்காலம் நோட்டு செல்லாதுங்கற அறிவிப்புக்கு சில மணி நேரம் முன்னாடி நடந்த போர்டு கூட்டத்துல, கறுப்புப் பணம் பெரும்பாலும் ரொக்கமா இல்ல, தங்கமாவும் நிலமாவும் தான் இருக்குன்னு பதிவாகி இருந்ததை நாம ஆர்டிஐ மூலமா 2019ல தான் படிச்சோம். ஈசிபி மாதிரி ஒரு மாசாந்திர பட்டியல் ஆர்பிஐ போர்டுக்கும் வரணும்னு மனசார ஆசைப்படறேன்.

என் மார்க் 5க்கு 4. பேங்க்ல, பேமெண்ட்ல வேலை பாக்கறவங்க, யூபிஎஸ்சிக்கோ எகனாமிக்ஸ் பிஎச்டிக்கோ படிக்கறவங்க, ஐரோப்பாவுல இருந்துக்கிட்டு உங்க காசு யார் கைல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறவங்க எல்லாருக்கும் தாராளமா சொல்வேன். ஈசிபி தளத்துல ஆர்எஸ்எஸ் ஃபீட் இருக்கு, போட்டு வச்சுக்கோங்க. மொதல் தடவை மேலேர்ந்து கீழ வரை படிக்காதீங்க, சலிச்சுடும், நேரா சட்ட ஆலோசனைக்குப் போய் உங்களுக்குத் தெரிஞ்ச நாடு ஏதாவது இருக்கான்னு பாருங்க, அந்த ஒரு கருத்தை முழுசா படிங்க. மொழி இறுக்கமா இருக்கும், கடைசில வர்ற குறிப்பிட்ட கருத்துகள் பகுதிலேர்ந்து ஆரம்பிச்சா சுலபமா புடிபடும்.