ஆழ்மன விரைவாசிப்புப் பயிற்சி: மூக்குக்கண்ணாடி அணிந்தவரின் மதிப்பீடு

கோவை ஆர்.எஸ். புரத்தில் வார இறுதியில் இரண்டு நாள்கள் நடத்தப்படும் ஆழ்மன விரைவாசிப்புப் பயிற்சி வகுப்பைப் பற்றி, நாற்பத்தைந்து வயதைக் கடந்த, கண்ணாடி இல்லாமல் பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க இயலாத ஒரு வாசகரின் நிலையிலிருந்து எழுதுகிறேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி அணிந்தவர்களே: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பொள்ளாச்சி மாணவியர், திருப்பூரிலிருந்து ஒரு தணிக்கையாளர், கோபிசெட்டிபாளையத்து வழக்கறிஞர் ஒருவர். ஆயினும் ரூ. 4,500 கட்டணத்துக்கு அளிக்கப்பட்ட கையேட்டில், பயிற்சியின்போது கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்ற ஒற்றை வரியைத் தவிர இதைப் பற்றி வேறெதுவும் இல்லை. இந்த வகுப்பின் பெருங்குறை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்திய பிறகு, பின்தலைக்குச் சற்று மேலே ஒரு கமலாப் பழம் மிதப்பதாக எண்ணிக் கவனத்தை அங்கே நிறுத்தச் சொல்கிறார்கள். அடுத்து, விரித்துப் பிடித்த புத்தகத்தின் மேல்விளிம்புக்கு அப்பால் சுவரில் ஒரு புள்ளியை நோக்கி, அந்த நோக்கைக் குலைக்காமலே பார்வையைப் பக்கத்தின் நடுவுக்குத் தாழ்த்த வேண்டும். இரு கண்களின் பார்வையும் புத்தகத்துக்குப் பின்னால் சந்திப்பதால் நடுமடிப்பு இரண்டாகத் தெரியும். அவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய போலிப் பக்கம் ஒன்று தோன்றும். அது தோன்றியதும், எழுத்தைப் படிக்க முயலாமல், ஓரிரு நொடிக்கு ஒருமுறை தாளைப் புரட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளடக்கத்தை ஆழ்மனம் வாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்கரான பால் ஷீலி 1980களில் உருவாக்கிய போட்டோ ரீடிங் முறையைத் தழுவிய பயிற்சி இது.

எழுத்தைப் படிக்கவே போவதில்லை என்னும்போது கண்ணாடி எதற்கு என்று பயிற்றுநர் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி அணிபவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். கிட்டப்பார்வைக்காக மைனஸ் 2.50 பவர் அணிபவர் கண்ணாடியைக் கழற்றினால், புத்தகம் பிடிக்கும் தூரமாகிய 40 சென்டிமீட்டரில் எழுத்து அவருக்குத் தெளிவாகவே தெரியும். அவருக்கு இந்த அறிவுரை பொருந்தும், சொல்லப்போனால் வசதியும்கூட. மைனஸ் 6 உள்ளவருக்கோ அந்தத் தெளிவு ஏறக்குறைய 17 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. வெள்ளெழுத்து வந்து, படிக்க மட்டும் ப்ளஸ் கண்ணாடி போடுபவருக்குப் புத்தகம் பிடிக்கும் தூரத்தில் பக்கம் கலங்கலாகவே இருக்கும். எனக்கு அருகில் அமர்ந்திருந்த மாணவி அதிக மைனஸ் பவர் உடையவர். கண்ணாடியைக் கழற்றியபின் நடுமடிப்பே அவருக்குத் தெரியவில்லை. மடிப்பே தெரியாதபோது அது இரண்டாகத் தெரிவது எப்படி? உடல் இன்னும் தளரவில்லை என்று அவரிடம் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. பவர் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டிருந்தாலே தீர்ந்திருக்கக்கூடிய அந்தச் சிக்கல், அவருடைய மனப்பக்குவத்தின் குறையாக ஆக்கப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

கண்ணாடியைக் கழற்றாமல் செய்வதிலும் சிக்கல் உண்டு. நான் அணிவது ப்ரோக்ரஸிவ் லென்ஸ். அதன் மேல்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி படிப்புக்கும் ஆனது. இடையில் பவர் படிப்படியாக மாறும் குறுகிய பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையின் இருபுறமும் கலங்கல் இருப்பது அதன் அமைப்பிலேயே உள்ளது. இப்பயிற்சியோ தலையை அசைக்காமல் பக்கத்தின் நான்கு மூலைகளையும் ஒருசேர உணரச் சொல்கிறது. அந்த மூலைகள் நான்கும் லென்ஸின் கலங்கிய ஓரங்களில் போய் விழுவதால், தாளைப் புரட்டும்போதெல்லாம் பக்கம் நெளிந்து, சிறிது நேரத்தில் நெற்றி வலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஈரோட்டில் நான் வழக்கமாகச் செல்லும் கண்ணாடிக் கடைக்காரர் இதைக் கேட்டதும், "படிக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக்கோங்க, இதுல ஓரம் கலங்கத்தானுங்க செய்யும்" என்றார். அவர் சொன்னபடி, முழுவதும் படிப்புப் பவர் கொண்ட சிங்கிள் விஷன் லென்ஸைச் சற்று அகலமான பிரேமில் ஆன்டி கிளேர் பூச்சுடன் போட்டுக்கொண்டேன். சுவரிலுள்ள புள்ளி மங்கலாகத் தெரிகிறது என்றாலும் பக்கம் அசையாமல் நிற்கிறது; போலிப் பக்கமும் எளிதாகத் தோன்றுகிறது. ட்யூப் லைட் நேர்மேலே எரியும் அந்தக் கூடத்தில் ஆன்டி கிளேர் பூச்சும் உதவும்.

இனி, இந்த முறை பலன் தருகிறதா என்பது. பக்கம் தெளிவாகத் தெரிந்தாலும் ஆழ்மனம் அதைப் படித்துக்கொள்கிறது என்பதற்கு எனக்கு எந்தச் சான்றும் கிட்டவில்லை. அதன் காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருப்பதாகக் கருதுகிறேன். மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதியான, விழித்திரையின் மையக்குழி காணும் பரப்பு ஏறத்தாழ 2 பாகை. 40 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலத்தைக்கூட எட்டாது. அதற்கு வெளியே செல்லச் செல்ல எழுத்தை இனங்காணும் கூர்மை விரைவாகக் குறைகிறது. எந்தக் கண்ணாடியாலும் இதை மாற்ற முடியாது. கண்ணாடி ஒளியைச் சரியாகக் குவிக்கும், அவ்வளவே. இம்முறைக்கு நிமிடத்துக்கு 25,000 சொற்கள் என்று உரிமை கோரப்பட்டது. ஆங்கிலத்தில் கதையல்லாத நூல்களை வளர்ந்தோர் மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று உளவியலாளர் மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். (விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது, வகுப்பிலோ தமிழ் நூல்களுக்கும் ஆங்கில அளவையே பயன்படுத்தினார்கள்.) நாசாவின் ஆதரவுடன் ஆய்வாளர் டேனியெல் மெக்னமாரா செய்த மதிப்பீட்டில், போட்டோ ரீடிங்கில் தேர்ந்த ஒருவருக்கே வாசிப்பு நேரம் கூடியதும் புரிதல் குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன.

தொடர்ந்து பயின்றால் கண்ணாடியே தேவைப்படாது என்று முதல் நாள் மாலையில் சொல்லப்பட்டதை மட்டும் வன்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை இறுகிப்போவதால் வருவது வெள்ளெழுத்து. பார்வையைத் தளர்த்திப் பக்கம் புரட்டுவதால் இறுகிய வில்லை நெகிழாது. இதை நம்பிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இருப்பார்கள் என்பதே என் கவலை.

இரண்டாம் நாள் வகுப்பு முற்றிலும் வேறு தரத்தில் இருந்தது. ஒரு நூலிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்வது, பொருளடக்கத்தையும் உள்தலைப்புகளையும் அத்தியாயங்களின் முதல், கடைசிப் பத்திகளையும் பார்த்துக் கேள்விகளை அமைத்துக்கொள்வது, பிறகு தேவையான இடங்களை மட்டும் நிதானமாகப் படிப்பது ஆகியவற்றைப் பயிற்றுநர் பொறுமையாகவும் தெளிவாகவும் கற்பித்தார். கோபி வழக்கறிஞர் தம் வழக்குக் கட்டு ஒன்றையே எடுத்து வைத்து அங்கேயே செய்து பார்த்தார். ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கி அலமாரியில் அடுக்கிய நூல்களுள் எதை முழுமையாகப் படிப்பது, எதைத் தேவைக்கு மட்டும் புரட்டுவது என்று என்னால் இப்போது விரைவாகத் தீர்மானிக்க முடிகிறது. இது விழித்த மனம் செய்யும் வேலை. இதற்கு எந்தக் கண்ணாடியும் தடையில்லை.

சேர விரும்புவோர் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்துச் சென்று, தம் பவருக்கு ஏற்ற ஏற்பாட்டைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. அதிக மைனஸ் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்ற மறுத்துவிடலாம். ப்ரோக்ரஸிவ் அணிபவர்கள் தனிப் படிப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு செல்ல வேண்டும். இரண்டாம் நாளை மட்டும் தனி வகுப்பாக, பாதிக் கட்டணத்துக்கு நடத்தினால் என் மாணவர்களையும் தயக்கமின்றி அனுப்புவேன்.