செயற்கைக்கோள் வேனா, பேக்பேக் கருவியா? நேரலைத் திட்டமிடலில் ஓர் ஒப்பீடு

பெரிய நிகழ்வொன்றின் நேரலையைத் திட்டமிடும்போது தொகுப்பாளர், விருந்தினர், வரைகலை என எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, களத்திலிருந்து படம் எந்த வழியாக வந்துசேரும் என்ற கேள்வியைக் கடைசியாகப் பொறியாளர்களிடம் ஒப்படைப்பது செய்தி அறைகளின் வழக்கம். அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

களத்துப் படத்தை டிஷ் ஆன்டெனா வழியே செயற்கைக்கோளுக்கு அனுப்பும் செயற்கைக்கோள் வேன் செலவு மிகுந்தது. அதை நிறுத்த இடம் வேண்டும். டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் இடையே கட்டடமோ மரமோ குறுக்கிடக் கூடாது. செயற்கைக்கோளின் அலைவரிசை நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், தலைவரின் உரை நீண்டுவிட்டால் நேரத்தை நீட்டிக்கப் போராட வேண்டியிருக்கும். கேயூ பேண்ட் என்ற அதிர்வெண் வரம்பில் கனமழையும் சிக்னலைக் கெடுக்கும். ஆனால், எதிரே லட்சம் பேர் கூடினாலும் அதன் பாதை நெரிசலாவதில்லை.

பல சிம் கார்டுகளின் வழியே படத்தைப் பிரித்து அனுப்பி, நிலையத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கும் பேக்பேக் கருவி, ஊர்வலத்தோடு நடக்கவும் சந்துக்குள் நுழையவும் வல்லது. நிகழ்வுக்கு முந்தைய நாள் வெறிச்சோடிய மைதானத்தில் சோதித்தால் படம் பளிச்சென்று வரும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் உச்சக்கட்டத்தில் கூட்டம் முழுவதும் கைப்பேசியை உயர்த்திப் படம் அனுப்பும்போது, அதே கைப்பேசிக் கோபுரங்களை நம்பியிருக்கும் நம் கருவி திணறுகிறது, அதாவது மிகவும் தேவைப்படும் நொடியில்தான் அது கைவிடுகிறது. வேறு வேறு நிறுவனங்களின் சிம்கள் இருந்தாலும் நெரிசல் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், இரண்டு பேக்பேக்குகளை இரண்டு தனி வழிகளாகக் கணக்கிடுவது தவறு.

தாமதத்திலும் வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்ப சிக்னலுக்குக் கால் விநாடி ஆகிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் குறியாக்கத்துக்கான நேரம் அதற்கு மேல். பேக்பேக்கில் படம் உடையாமல் இருக்கத் தாமதத்தைக் கூட்டினால், தொகுப்பாளரின் கேள்விக்கும் செய்தியாளரின் பதிலுக்கும் இடையே மௌனம் நீண்டு உரையாடல் குலைகிறது. ஆகவே காட்சிகளைக் காட்டப் பேக்பேக்கும், கேள்வி பதிலுக்கு வேனும் பொருத்தமானவை.

மூன்றாவதாக, நிறுவனங்கள் கேமராக்களைப் பொதுவில் பங்கிட்டுக்கொள்ளும் வழி இருக்கிறது. 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடியின் இறுதிச்சடங்கு நிகழ்வுகளுக்கு அந்நாட்டின் மூன்று பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகளும் இவ்வாறு இணைந்தன. மேடைக் காட்சிக்கு அது போதும். மேடைக்கு வெளியே நடப்பதற்கு நம் கேமராதான் வேண்டும்.

வேன் கிடைத்துவிட்டால் மட்டும் திட்டம் முழுமையாகிவிடாது. படம் செயற்கைக்கோள் வழியே சீராகப் போய்க்கொண்டிருக்க, ஸ்டுடியோவின் குரல் செய்தியாளரின் காதுக்குச் சாதாரண கைப்பேசி அழைப்பில் வருமாறு அமைத்திருப்பார்கள். நெரிசலில் அந்த அழைப்பு அறுந்தால், தெளிவான படத்தில் எதுவும் கேட்காமல் நிற்கும் செய்தியாளரைத்தான் பார்வையாளர் காண்பார். அந்தக் குரலையும் வேனின் செயற்கைக்கோள் இணைப்பிலேயே கொண்டுவர வேண்டும் என்பதைப் வேனைப் பதிவு செய்யும் படிவத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்.