கியோங் சைக்கா, கம்போங் கிளாமா, காத்தோங்கா?

சிங்கப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம், இப்போதுதான் பழக ஆரம்பித்த ஒருவரோடு வெளியே போக வேண்டும். எங்கே? தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, வேண்டாம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஆனால் சிராங்கூன் ரோட்டில் பத்தடி நடப்பதற்குள் பூக்கடையில் நிற்கும் யாராவது ஓர் அத்தை பார்த்துவிடுவார், நீங்கள் வீடு போய்ச் சேருமுன் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போயிருக்கும். தியோங் பாரு பகலுக்கான இடம். 1930களில் கட்டிய, பால்கனி வளைந்த அந்த வீடுகள் அழகுதான், ஆனால் சந்தை மேல்மாடியில் பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும்.

மிச்சம் மூன்று.

கியோங் சைக் ரோடு பந்தாவான இடம். ஒரு காலத்தில் சிவப்பு விளக்குப் பகுதி, இன்று பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் நாற்காலி கிடைக்காது. பழைய கடைவீடுகளும், முனையில் 1939இல் கட்டிய முக்கோணக் கட்டடமும் படத்துக்கு நன்றாக இருக்கும். பில் வரும்போதுதான் கண்ணைக் கட்டும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருக்கிறதே, அதன் அர்த்தம் இதுதான்: 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 10% சேவைக் கட்டணம், அதற்கும் மேலே 9% ஜிஎஸ்டி, ஆக 119 வெள்ளி 90 காசு. முதல் சந்திப்பிலேயே யார் கொடுப்பது என்று இழுபறி வர இது போதும். தவிர, அதே தெருவில்தான் லயன் சித்தி விநாயகர் கோயில், தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் வருமே, அதே கோயில். அத்தை பயம் இங்கேயும் முழுசாகப் போகாது.

கம்போங் கிளாம் கைக்கு அடக்கமான செலவு. 1908 முதல் இருக்கும் சம்சம் உணவகத்தில் ஒரு முர்தபாவை, அதாவது கறி வைத்து மடித்த பரோட்டாவை, பிய்த்து இருவரும் சாப்பிடலாம், கையெல்லாம் நெய்யானால் கூச்சம் தானாகப் போய்விடும். எதிரே சுல்தான் பள்ளிவாசல். தங்கக் குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும், உற்றுப் பார்த்தால் அத்தனையும் கண்ணாடி பாட்டில்களின் அடிப்பாகம். கட்டுமானத்தின்போது ஏழைகளும் பங்களிக்க வேண்டும் என்று அவர்களிடம் வாங்கிப் பதித்தவை. இதைச் சொல்லிக் காட்டினால் பத்து நிமிடப் பேச்சுக்கு வழி உண்டு. ஆனால் சனி இரவு ஹாஜி லேனில் பேச்சாவது ஒன்றாவது! சந்து குறுகல், இரண்டு பக்கமும் பாட்டு, நான் போன அன்று நாங்கள் அதிகம் சொன்ன வார்த்தை "என்ன?"

என் ஓட்டு காத்தோங்குக்குத்தான். முன்பெல்லாம் பஸ் பிடித்தே சலித்துப்போகும், 2024 ஜூனில் மரீன் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்த பிறகு அந்தச் சாக்கு கிடையாது. ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதுதான் கூன் செங் ரோட்டுப் பெரானாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) வீடுகளின் பச்சையும் ரோஜா நிறமும் தெரியும். அப்புறம் லக்சா, தேங்காய்ப்பால் குழம்பில் போட்ட நூடுல்ஸ். இங்கே நூடுல்ஸை வெட்டித்தான் போடுவார்கள், கரண்டி ஒன்றே போதும், உறிஞ்சிச் சட்டையில் தெறிக்க வேண்டிய அவசியமில்லை. (பிள்ளையார் இங்கேயும் விடவில்லை, சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் இருக்கிறார். அந்தப் பக்கம் திரும்பாமல் போனால் சரி.)

சாப்பிட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் மற்ற இரண்டும் தோற்கின்றன. அங்கே இன்னொரு கடைக்குள் நுழைய வேண்டும், இன்னொரு பில். இங்கே விரைவுச்சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு நடந்துவிடலாம். கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்களின் விளக்குகள், பேச்சு நின்றாலும் சங்கடமில்லை, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒன்று மட்டும், ஹீல்ஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். திரும்பும் வழி முழுக்க அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தாள், ஒரு ஜோடியில் ஒன்று என் கையில்.