டைமரா, ஒரே மூச்சா, பக்கத்தில் ஆச்சியா?

கேரள எல்லையில், புளியரை சோதனைச்சாவடிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் எங்கள் வீடு. ஆரியங்காவு, தென்மலையில் நிலம் வைத்திருப்பவர்களின் மலையாளப் பத்திரங்களைத் தமிழாக்கித் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. (அங்கே பத்திரத்துக்கே 'ஆதாரம்' என்றுதான் பெயர். அந்தச் சொல்லிலேயே பலமுறை வழுக்கியிருக்கிறேன்.) எனக்கு ஆட்டிசம். வேலை பிடிக்கும், ஆனால் கோப்பைத் திறக்கவே சில நாள் மத்தியானம் ஆகிவிடும். பார்க்கிறவர்கள் சோம்பல் என்பார்கள்.

வேலையைத் தொடங்கவும் தொடரவும் மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

எல்லோரும் முதலில் சொல்வது பொமோடோரோ. 1980களின் கடைசியில் இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ அடுக்களை டைமரை வைத்து உண்டாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. எனக்கு அந்த மணி ஜென்மப் பகை. கிழக்கே ஓடை, வடக்கே இன்னார் ரப்பர் தோட்டம் என்று நான்கெல்லையை மனசில் வரைந்துகொண்டிருக்கும்போது அடித்துத் தொலைக்கும். திரும்பி வந்தால் படம் கலைந்திருக்கும். எனக்குத் தொடங்குவதுதான் பாடு. டைமர் வைத்தால் அந்தப் பாட்டை நாளுக்குப் பத்துமுறை படவேண்டும்.

அடுத்தது ஒரே மூச்சாக உட்காருவது. டைனா மரே உள்ளிட்ட மூவர் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று 'மோனோட்ரோபிசம்' என்று இதைப் பேசுகிறது. கவனம் எல்லோருக்கும் அளவானதுதான். ஆட்டிசம் உள்ளவருக்கு அது பல வாய்க்காலாகப் பிரியாமல் ஒரே வயலில் பாய்கிறது. மடையை மாற்றுவது லேசில்லை. என் அனுபவமும் அதுவே. மூன்று மணி நேரம் மணல் லாரி ஹாரன்கூடக் காதில் விழாது, பிழையும் குறைவு. ஆனால் தண்ணீர் குடிக்க மறந்து, தலை வெடித்து, மறுநாள் முழுக்கப் படுக்கை.

மூன்றாவது ஆச்சி. 'பாடி டபுளிங்' என்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்வது, அவ்வளவே. ஆச்சி ஓலையும் அரிவாளுமாக வந்து உட்கார்ந்து ஈர்க்கு கிழிப்பாள். "ஏட்டி, நீ ஒன் சோலியப் பாரு, நான் என் சோலியப் பாக்கேன்." அந்தச் சரசரப்பு தொடங்கியதும் என் கையும் தானாகக் கோப்பைத் திறந்துவிடும். அவள் திரையைப் பார்ப்பதில்லை, எதுவும் கேட்பதுமில்லை. ஒருமுறை அந்த இடத்தில் அத்தை உட்கார்ந்து, "எத்தனை பக்கம் முடிஞ்சுது?" என்றாள். அதோடு கை நின்றுவிட்டது. ஆள் இருந்தால் போதாது, மேற்பார்வை இல்லாத ஆளாக இருக்கவேண்டும்.

அதனால் தொடங்க ஆச்சி, தொடர ஒரே மூச்சு. டைமரையும் விடவில்லை. 90 நிமிடத்துக்கு ஒருதரம் போன் சத்தமில்லாமல் அதிரும், ஒரு சொம்புத் தண்ணீருக்காக. பாதி வாக்கியத்தில் எழுந்திருப்பதுமில்லை. அடுத்து எழுதவேண்டிய சொல்லைத் துண்டுத்தாளில் குறித்துவிட்டுத்தான் எழுவேன்.

ஆச்சி ஊரில் இல்லாத நாள்தான் சிக்கல். புனலூர்த் தோழியை வாட்ஸ்அப்பில் அழைத்து, இரண்டு பேரும் மைக்கை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறோம். பாதி நாள் பலிக்கிறது.