சகேயு மரத்தில் நிற்கமாட்டேன் என்கிறார்: பிளானல் படங்கள், ஏழு வருடம் கழித்து

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நெருங்குகிறது. சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு பிளானல்கிராஃப் செட் (பிளானல் துணிப் பலகையில் வைத்துக் கதை சொல்லும் வெட்டுப் படங்கள்) வாங்கலாமா, படக்கதைப் புத்தகமே போதுமா என்று சண்டே ஸ்கூல் ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஏழு வருடம் வாராவாரம் பலகையில் ஏறி இறங்கிய ஒரு காகித செட்டை வைத்துச் சொல்கிறேன். முதுகு தேய்ந்துபோன படங்களுக்கெல்லாம் போன வாரம்தான் புதுத் துணி ஒட்டி முடிந்தது.

பெரிய குறை ஒன்றுதான்: கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறிய குள்ளமான சகேயு, அந்த மரத்தில் நிற்பதில்லை. பலகைத் துணியின் இழையும் படத்தின் முதுகிலுள்ள சொரசொரப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் படம் ஒட்டி நிற்கிறது. காட்டத்தி மரம் அப்படி நன்றாகவே நிற்கும். ஆனால் மரத்தின் முகப்பு வழவழப்பான அச்சுக் காகிதம். அதன்மேல் வைக்கிற சகேயுவுக்குப் பிடிமானம் ஏது? ‘சீக்கிரமாய் இறங்கிவா’ என்று இயேசு கூப்பிடுவதற்கு முன்பே அவர் தரையில் கிடப்பார். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், கதையின் உயிரான இடம் அதோடு போய்விடும். படகிலிருக்கும் பேதுருவுக்கும், நாணற்பெட்டியில் கிடக்கும் மோசேக்கும் இதே கதிதான். படத்தின்மேல் படம் வைக்க வேண்டிய கதைகளைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டவர்கள் இதை ஒரு தடவையாவது பலகையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? ஏழு வருடமாக ஆறாத கோபம் இது.

சரிசெய்ய வழி உண்டு. மரத்தில் கிளை இருக்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை பிளானல் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இலையோடு இலையாகத் தெரியும். வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள தண்ணீரைக் காகிதம் குடித்து, காய்ந்ததும் சுருண்டுகொள்ளும். சுருண்ட ஓரம் துணியைத் தொடாது. இருபக்க டேப் அல்லது ரப்பர் பசை நல்லது. முதுகில் உப்புத்தாள் ஒட்டுகிறவர்கள் உண்டு. பிடிப்பு பிரமாதம்தான், ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பலகைத் துணியின் இழையைப் பிய்த்துக்கொண்டு வரும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள்: கனம் கூடும், டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் படமே தெரியாது.

பலகை இரண்டரை அடி உயரம் என்றால் மேல் விளிம்பு ஐந்து அங்குலமாவது பின்னால் சாய்ந்திருக்கட்டும். நேரே மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெட்டும்போது மேய்ப்பனின் கோல், தாவீதின் கவண் போன்ற மெல்லிய இடங்களில் அரை சென்டிமீட்டர் வெள்ளை விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் முதல் மாதத்திலேயே ஒடியும். ஒரு கதைக்கு ஒரு உறை, படங்களின் முதுகில் எண். ரப்பர் பேண்ட் போட்டால் நடுவில் மடிப்பு விழுந்துவிடும்.

கூடவே வரும் பாடப் புத்தகத்தை அப்படியே வாசிக்க முடியாது. ‘ஆயக்காரருக்குத் தலைவனும் ஐசுவரியவானும்’ என்று நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்லி என்ன பயன்? ‘வரி வாங்குகிறவர், நிறையப் பணம் வைத்திருந்தார்’ என்று சொன்னால் போதும். மனப்பாட வசனமாக லூக்கா 19:10 கொடுத்திருக்கிறார்கள்: ‘இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்’. ஐந்தே சொல்தான், ஆனால் ‘மனுஷகுமாரன்’ என்பதை விளக்கவே வகுப்பு முடிந்துவிடும். சின்னவர்களுக்கு ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற மூன்று சொல் போதும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும், படக்கதைப் புத்தகமோ வீடியோவோ தராத ஒன்றை இந்தப் படங்கள் தருகின்றன. கதை முடிந்ததும் பிள்ளையின் கையில் படங்களைக் கொடுத்து, ‘நீ சொல்லு பார்க்கலாம்’ என்றால், அது எங்கே எதை வைக்கிறது என்பதிலேயே என்ன விளங்கியது என்பது தெரிந்துவிடும். கூட்டத்தை மரத்தின்மேல் ஏற்றும் பிள்ளைக்குச் சகேயு ஏன் ஏறினான் என்பது விளங்கவில்லை. சகேயுவையும் இயேசுவையும் ஒரே வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற பிள்ளைக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது. பேசவே பேசாத பிள்ளைகள்கூட எழுந்து வந்து படம் வைப்பார்கள். இதற்காகவே எவ்வளவு ஒட்டு வேலையும் செய்யலாம்.

புத்தகம்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதலில், குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் (ஞானிகள்) வரும் பக்கத்தைத் திறங்கள். மத்தேயு 2:11-இல் அவர்கள் வருவது வீட்டுக்குள். எத்தனை பேர் என்று வேதம் சொல்லவே இல்லை. மூன்று பேர் முன்னணையருகே (மாட்டுத் தீவனத் தொட்டியருகே) நிற்கும் படமாக இருந்தால் மற்றக் கதைகளையும் வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பிளானலை இவ்வளவு நேசித்தும், இந்தக் காகித செட்டை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். துணியிலேயே படம் அச்சிட்ட செட் கிடைக்கும், அதைக் கேளுங்கள். கடையிலேயே ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைத்துச் செங்குத்தாகத் தூக்கிப் பாருங்கள். மேலே இருப்பது நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.