காரைக்குடிப் பக்கம் ஒரு காளான் நடை: என் மதிப்பீடு

காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக நடத்துபவர்கள், மழைக்காலத்தில் மட்டும் காளான் அறிமுக நடை ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். விடியற்காலையில் தொடங்கிப் பகல் உணவோடு முடியும் இந்த நடையில், விடுதியில் தங்காதவர்களும் கட்டணம் செலுத்திச் சேர்ந்துகொள்ளலாம். காளானைப் பற்றி ஏதும் அறியாதவர்களுக்கானது என்று அறிவிப்பில் கூறியிருந்தார்கள். நடை அதற்கேற்பவே அமைந்திருந்தது. என் மனக்குறை பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில்தான்.

வழிகாட்டியாக வந்தவர் தாவரவியல் படித்த உள்ளூர் இளைஞர். முதலில் வீரை, பாலை, காயா மரங்கள் அடர்ந்த கோயில் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எதையும் பறிக்கக் கூடாது. பட்டுப்போன கிளையில் விசிறி விசிறியாக ஒட்டியிருந்த சிறு காளானை உருப்பெருக்கியால் காட்டி, குடையின் அடிப்புறத்து மெல்லிய மடல்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பதே அதன் அடையாளம் என்று விளக்கினார். வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பூசணமாகத் தெரிந்த ஒன்றில் அவ்வளவு நுணுக்கம் இருந்தது பலருக்கும் வியப்பாக இருந்தது.

தரையில் முளைக்கும் காளானைப் பறிக்காமல் அடையாளம் காண்பது கடினம், ஏனெனில் முக்கியமான சான்று மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே நடையின் மறுபாதியை, உரிமையாளரின் ஒப்புதலோடு, ஒரு தனியார் தோப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். காட்டின் கட்டுப்பாடும் கெடாமல், பாடமும் குறையாமல் இருக்கச் செய்த இந்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். அங்கே கரையான் புற்றின் ஓரத்தில் நின்ற புற்றுக்காளான் ஒன்றைச் சிறு மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி எடுத்தார். குடையின் நடுவில் கூரான முனை; தண்டின் கீழே கரையான் கூட்டை நோக்கி இறங்கும் நீண்ட வேர் போன்ற பகுதி. கரையான்கள் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்துதான் இது வெளிவருகிறது என்பதை அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே சொன்னபோது நன்றாகப் புரிந்தது. தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருந்தால் அது உயிர்க்கொல்லி இனமாக இருக்கக்கூடும் என்பதையும், மேலோடு கிள்ளி எடுப்பவர்கள் அந்த உறையை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பக்கத்துப் புல்வெளியில் வெள்ளைக் குடையும் பழுப்புச் செதில்களும் கொண்ட பெரிய காளான்கள் பார்க்கக் கவர்ச்சியாக நின்றன. குழுவில் ஒருவரின் கைபேசிச் செயலி அதைப் புற்றுக்காளான் என்றே காட்டியது. வழிகாட்டி முந்தைய நாள் இரவே தாளில் பதித்து வைத்திருந்த வித்துத்தடத்தை, அதாவது குடையின் அடியிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகள் தாளில் விடும் நிறப் பதிவை, எடுத்துக் காட்டினார்: புற்றுக்காளானின் தடம் வெளிர் இளஞ்சிவப்பு, இதன் தடம் மங்கிய பச்சை. இந்தப் பச்சைத்தடக் காளானைத் தின்றவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் ஏற்படும். உறையுள்ள கொடிய இனங்களோ ஆறு மணி நேரத்துக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பிறகு வயிற்றைக் கலக்கி, சற்றுத் தேறியதுபோல் தோன்றச் செய்து, அதற்குள் கல்லீரலைச் சிதைத்துவிடும். அவற்றின் நஞ்சு சமைத்தாலும் போகாது.

குழுவில் இருந்த ஆச்சி ஒருவர், "வெங்காயம் கறுக்குதான்னு பாத்தாப் போதுமே தம்பி, எங்க அப்பத்தா அப்படித்தான் பாப்பாக" என்றார். "அப்பத்தாவுக்கு அந்தப் புத்தே தெரியும் ஆச்சி, வெங்காயம் சும்மா துணைக்குத்தான்" என்று வழிகாட்டி பதில் சொன்னார். கூடச் சேர்த்து வேகவைக்கும் வெங்காயமோ வெள்ளிக்காசோ அந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது என்பதைப் பெரியவர் மனம் நோகாமல் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கடைசிவரை எந்தக் காளானையும் "இதைச் சாப்பிடலாம்" என்று அவர் சொல்லவே இல்லை. தைலமரத் தோப்பில் உலர்ந்த சாண உருண்டைபோல் கிடந்த பூஞ்சையை மட்டும் அவசரமாகக் காட்டிவிட்டு நகர்ந்தார். மரவேரோடு கூடி வாழும் அதற்கு இன்னும் சற்று நேரம் கொடுத்திருக்கலாம்.

இவ்வளவு கவனமாக நடத்திய பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் இலை போட்டு முதலில் பரிமாறியது காளான் மிளகு வறுவல். கேட்டபோதுதான் அது கடையில் வாங்கிய பால் காளான் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும், ஐயமின்றி உண்ணத்தக்க வகைதான்; வறுவலும் காரசாரமாக அருமையாக இருந்தது. ஆனால் அதைப் பரிமாறும்போதே சொல்லியிருக்க வேண்டும். எதிர் இலையில் அமர்ந்திருந்த தம்பதியர் காலையில் தோண்டியதைத்தான் சாப்பிடுவதாக நம்பித் தங்கள் பிள்ளைக்கும் ஊட்டினார்கள். வழிகாட்டி காலை முழுவதும் கட்டிய எச்சரிக்கையை அடுக்களை அரை நிமிடத்தில் கலைத்துவிட்டது. வறுவலுக்குப் பதிலாக அன்று கத்திரிக்காயை வதக்கி வைத்தாலே போதும்.

மற்றொரு குறையும் உண்டு. வித்துத்தடம் பதிய பல மணி நேரம் ஆகும் என்பதால், வந்தவர்கள் தாங்களே எடுத்த காளானின் தடத்தைக் காண முடிவதில்லை. விடுதியில் தங்குபவர்களுக்காவது ஒரு வெள்ளைத்தாளும் கறுப்புத்தாளும் மூடிவைக்க ஒரு கிண்ணமும் கொடுத்து, மறுநாள் காலையில் பார்க்கச் செய்தால் கட்டணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும். வெளிறிய தடம் வெள்ளைத்தாளில் தெரியாது என்பதால்தான் கறுப்புத்தாளும் வேண்டும்.

சிறுவர்களை அழைத்துச் செல்லலாம், நடக்கும் தொலைவு அதிகமில்லை. முள் நிறைந்த தோப்பு என்பதால் முழுக்கால் சட்டை நல்லது. செல்லும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துவிடாமல், நல்ல மழை பெய்த பிறகு தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மழை பொய்த்த வாரத்தில் சென்றால் பட்ட மரத்து விசிறிக் காளான்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.