எதிர்காற்றில் எந்த ரீல் நிற்கும்? விராலுக்கான மூன்று குறைந்தவிலை பெய்ட்காஸ்டிங் ரீல்கள்

பாஸ் மீனின் தாயகம் வட அமெரிக்கா. நம் குளங்களில் அதைத் தேடிப் பயனில்லை. ஆயினும் அந்த மீனுக்காகவே வடிவமைக்கப்பட்ட பெய்ட்காஸ்டிங் ரீல்கள்தாம் (தூண்டில் கோலில் பொருத்தி நூலைச் சுற்றும் கருவிகள்) இன்று கொங்கு நாட்டில் விரால் வீசுவோர் கைகளிலும் இருக்கின்றன. இரண்டு மீன்களும் செடிமறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வுபவை. இரண்டுக்கும் ரப்பர் தவளை என்னும் செயற்கை இரை பிடிக்கும். இரண்டையும் கவ்விய நொடியிலேயே வேர்ச்சிக்கலிலிருந்து வெளியே இழுத்தாக வேண்டும். எனவே பாஸ் மீனுக்கென்று பேசப்படும் ரீல் இலக்கணம் விராலுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அது நம் காற்று.

இங்கு ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று: ஆபு கார்சியாவின் பிளாக் மேக்ஸ், ஷிமானோவின் எஸ்எல்எக்ஸ், டைவாவின் ஃபியூகோ சிடி. எஸ்எல்எக்ஸ் 2018இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 100 டாலரை ஒட்டியிருந்தது. ஃபியூகோவும் அப்போது அதே படியில் நின்றது. பிளாக் மேக்ஸ் ஏறக்குறைய அதில் பாதி. நம்மூர்க் கடைகளில் இறக்குமதிச் செலவைப் பொறுத்து விலை ஏறி இறங்கும்.

பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசும்போது, நரம்பு (தூண்டில் நூல்) சுற்றிய உருளையான ஸ்பூலே சுழல்கிறது. தவளை முன்னே பறக்கும் வேகமும் ஸ்பூல் சுழலும் வேகமும் ஒத்திருக்கும்வரை தொல்லையில்லை. தவளை வேகமிழந்த பின்னும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிக் குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வீசும் காற்றை எதிர்த்து வீசிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பறக்கும் தவளையைக் காற்று பாதி வழியில் பிடித்து நிறுத்துகிறது. ஸ்பூலை நிறுத்தக் காற்றுக்குக் கை எட்டுவதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்துத் தறிக்குடோன்காரர். வாய்க்கால் கரையில் நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “பீமு ஓடுது, துணி ஓடலீங்க தம்பி, அதானுங்க” என்றார். விசைத்தறியில் பாவு நூலைச் சுற்றிய உருளையான பாவு பீம் தேவைக்கு மேல் சுழன்றுவிடாதபடி கயிற்றைச் சுற்றி எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். எடை கூடினால் பாவு விறைக்கும், குறைந்தால் தளரும். பெய்ட்காஸ்டிங் ரீலின் பிரேக் செய்வதும் அந்த எடைக்கல்லின் வேலைதான். ஆகவே மூன்று ரீல்களையும் முதலில் பிரேக்கை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் துணிபு. விளம்பரத்தில் முந்தி நிற்கும் மற்ற எண்களெல்லாம் அதற்குப் பின்பே வரட்டும்.

பிளாக் மேக்ஸில் இருப்பது காந்தப் பிரேக். அலுமினிய ஸ்பூல் காந்தப் புலத்தில் சுழலும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் எழுந்து சுழற்சியை எதிர்க்கிறது. வேகத்துக்கு நேர்விகிதத்தில் தடை அமைகிறது. வீச்சின் தொடக்கத்தில் தடை மிகுந்திருந்தாலும் கடைசிவரை ஓரளவு பிடித்துக்கொண்டே இருப்பது இதன் இயல்பு. இதனால் வீச்சுத் தொலைவில் சில அடிகள் குறையும். ஆனால் தவளை காற்றில் தடுமாறும் அந்தக் கடைசி நொடிகளில் ஸ்பூலின் மேல் ஒரு பிடி இருக்கும். புதிதாகப் பழகுவோருக்கு இந்தப் பிடி பெரிய துணை.

எஸ்எல்எக்ஸில் இருப்பது எஸ்விஎஸ் இன்ஃபினிட்டி என்னும் மையவிலக்குப் பிரேக். ஸ்பூலோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து உரசித் தடையைத் தருகின்றன. இத்தடை வேகத்தின் வர்க்க விகிதத்தில் வளர்வதால், வீசிய கணத்தில் வலுவாகப் பிடித்து, வேகம் தணிந்ததும் ஏறக்குறைய முற்றிலும் விட்டுவிடுகிறது. காற்றில்லாத மார்கழிக் காலையில் குளத்தின் நடுத்திட்டு வரை தவளையைக் கொண்டுசேர்ப்பது இந்த விடுதலைதான். அதே விடுதலை ஆடிக்காற்றில் கட்டைவிரலுக்கு வேலை வைக்கும். விரல் பழகாதவருக்குச் சிக்கை வைக்கும். வெளியே உள்ள திருகால் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆயினும் கட்டைகளை மாற்றியமைக்கப் பக்கமூடியைத் திறக்க வேண்டும், அதைக் கரையிலேயே செய்துகொள்வது நல்லது.

ஃபியூகோவின் மேக்ஃபோர்ஸ் இசட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காந்தந்தான், ஆனால் ஸ்பூலில் பொருத்திய ஒரு சிறு கிண்ணம் வேகம் கூடும்போது நகர்ந்து காந்தப் புலத்துக்குள் நுழைகிறது. வேகம் குறைந்ததும் பின்வாங்குகிறது. மையவிலக்கின் போக்கையும் காந்தத்தின் எளிமையையும் ஒருங்கே தர முயலும் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்துத் திருகை ஒரு புள்ளி நகர்த்தினாலே வேறுபாடு விரலுக்குத் தெரிகிறது.

அடுத்தது இழுவை, அதாவது டிராக்: மீன் எவ்வளவு விசையோடு இழுத்தால் நரம்பு வெளியேறும் என்பதை அமைக்கும் தடை. ஆகாயத்தாமரைக்குள் கவ்விய விராலுக்கு நரம்பைச் சீராக விட்டுக்கொடுக்கும் மென்மையான டிராக் வேண்டியதில்லை. டிராக்கை இறுக்கி, தடித்த பிரெய்டு (பின்னல்) நரம்பில் நேராக இழுக்க வேண்டும். பிளாக் மேக்ஸின் உச்ச டிராக் 8 கிலோவுக்குச் சற்று மேல். எஸ்எல்எக்ஸில் 5 கிலோவைச் சற்று ஒட்டியது. எண்ணை மட்டும் பார்த்தால் பிளாக் மேக்ஸே வெல்கிறது. ஆனால் அதன் சட்டம் கிராஃபைட் என்னும் கரிநார் பிளாஸ்டிக். எஸ்எல்எக்ஸின் சட்டமும் ஃபியூகோவின் சட்டமும் அலுமினியம். செடியோடு சேர்ந்து ஏறும் பளுவில் கிராஃபைட் சட்டம் மயிரிழை வளைந்தாலும் பற்சக்கரங்களின் ஒழுங்கு நெகிழும். கைப்பிடி கனத்துச் சுற்றுவதிலிருந்து இதை உணரலாம். டிராக் குறைந்த ரீலில் ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திக் குறையை ஈடுகட்டலாம். வளையும் சட்டத்தை எந்த விரலாலும் நிமிர்த்த முடியாது. வாரந்தோறும் செடிக்குள் வீசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று சுழலும் என்னும் கியர் விகிதத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. பிளாக் மேக்ஸ் 6.4:1, ஒரு சுற்றுக்கு 66 செ.மீ. நரம்பு, எஸ்எல்எக்ஸில் 6.3, 7.2, 8.2 என மூன்று விகிதங்கள் கிடைக்கின்றன. விரால் கவ்வியபின் தளர்ந்த நரம்பை விரைந்து எடுத்து, கொக்கி பதியத் தட்ட வேண்டியிருப்பதால் 7.2 வசதியானது, 6.4இலும் குறையொன்றுமில்லை.

பால் பேரிங் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் முதல் ரீலை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த பேரிங் எண்ணிக்கைக்காகவே வாங்கினேன். பதினொன்றுக்கு மேல் இருந்தன. மூன்றாம் மாதம் பக்கமூடியின் பூட்டு பிடிமானம் இழந்து, வீசும்போதே மூடி கழன்று தண்ணீரில் விழுந்தது. மாற்று மூடி எங்கும் கிடைக்கவில்லை. பிளாக் மேக்ஸில் நான்கும் ஓர் உருளைப் பேரிங்கும்தான். எஸ்எல்எக்ஸில் அதனினும் ஒன்று குறைவு. வீச்சுக்கு உதவுபவை ஸ்பூலைத் தாங்கும் பேரிங்குகளே. அவை தேய்ந்தாலும் அளவு சொல்லிக் கோவையின் பேரிங் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, முதல் ரீல் வாங்குவோருக்கு, அதிலும் காற்று மாதங்களில் திறந்த குளக்கரையில் பழகப்போவோருக்கு, பிளாக் மேக்ஸையே சொல்வேன். மிஞ்சும் பணத்தில் நல்ல பிரெய்டு நரம்பும் இரண்டு தவளைகளும் வாங்கலாம். ஓராண்டு பழகி, கட்டைவிரல் தானாக ஸ்பூலில் அமரும் நிலைக்கு வந்தவர், செடியடர்ந்த இடங்களில் வீசுபவராயின் ஃபியூகோவுக்கு மாறட்டும். எஸ்எல்எக்ஸ் மூன்றிலும் நேர்த்தியான கட்டமைப்புடையது, உள்ளங்கையில் அடங்குவது. தொலைவே முதன்மை என்பவருக்கும், பெரும்பாலும் காற்று தணிந்த மாதங்களில் வீசுபவருக்கும் அது உரியது. பத்து கிராமுக்குக் குறைந்த இரைகளை வீசுவதே நோக்கமென்றால் இம்மூன்றையும் விட்டுவிட்டு, வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீல் வாங்குவதே நேர்மையான வழி.

வாங்கும்போது கைப்பிடிப் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும்: எஸ்எல்எக்ஸில் 150 வலக்கைப்பிடி, 151 இடக்கைப்பிடி, பிளாக் மேக்ஸில் இடக்கைப்பிடிக்குப் பெயரின் இறுதியில் எல் என்ற எழுத்து வரும். பிரெய்டு நரம்பை வெற்று ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் இறுகிய டிராக்கில் முழுச் சுற்றும் வழுக்கும். அடியில் சில சுற்றுகள் தங்கூசி நரம்பைச் சுற்றி அதன்மேல் முடிச்சிட வேண்டும். பிறகு தவளையைத் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, அது மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்குமளவு இறுக்கத் திருகைச் சரிசெய்யவும். பிரேக்கை உச்சத்தில் வைத்துத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வீச்சுகள் சிக்கின்றிப் போனபின் ஒவ்வொரு புள்ளியாகக் குறைக்கலாம்.